சின்னப் பிள்ளைகளோடு இத்தாலிக் கடற்கரையா? சாந்தா மரியாவுக்குப் போங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால்: ஆகஸ்ட் நடுவில் இத்தாலி போகிறீர்கள். நான்கு வயதிலும் ஏழு வயதிலும் பிள்ளைகள், கூடவே முழங்கால் வலியுள்ள அம்மா. ரோமும் நேப்பிள்ஸும் பார்த்து முடித்த பிறகு, கூட்டமில்லாத ஒரு கிராமத்துக் கடற்கரையில் ஐந்து நாள் இருக்க வேண்டும். நீங்கள் விசாரித்தவர்கள் எல்லாம் பொசிதானோ, அமால்ஃபி, சிங்குவே தெர்ரே என்று சொல்கிறார்கள். எது சரி?

உங்கள் குடும்பத்துக்கு மூன்றுமே வேண்டாம். அழகில் குறை கிடையாது. ஆனால் பொசிதானோ முழுக்க முழுக்கப் படிக்கட்டில் நிற்கும் ஊர். அறையிலிருந்து கடலுக்கு இறங்குவதே அம்மாவுக்குத் தண்டனை, திரும்ப ஏறுவது அதைவிட மோசம். அமால்ஃபிக் கரையில் மலை நேராகக் கடலில் இறங்குவதால் கடற்கரை என்பது குறுகிய கூழாங்கல் பட்டைதான், நாலடி வைத்தால் தண்ணீர் ஆழமாகிவிடும். சிங்குவே தெர்ரேயின் ஐந்து ஊர்களில் மணலோடு சொல்லிக்கொள்ளும்படி கடற்கரை இருப்பது மொந்தெரொஸ்ஸோவில் மட்டும், அங்கேயும் கோடையில் ரயில் ரயிலாகக் கூட்டம் வந்து இறங்கும். நான்கு வயதுப் பிள்ளைக்குத் தேவை மணலும் ஆழமில்லாத தண்ணீரும். பாட்டிக்குத் தேவை சமதரையும் நிழலும். இந்த நான்கையும் வைத்துத்தான் ஊரைத் தேட வேண்டும்.

என் பதில் சாந்தா மரியா டி கஸ்தெல்லாபாத்தே. நேப்பிள்ஸுக்குத் தெற்கே, சலேர்னோ நகரையும் தாண்டி, சிலெந்தோ என்ற பகுதியில் இருக்கும் சிறிய கடலோர ஊர். நேப்பிள்ஸில் வேலை பார்த்த காலத்தில், சனி ஞாயிறுகளில் அங்கே உள்ளவர்கள் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகிறார்கள் என்று விசாரித்துத்தான் இந்தக் கரையை நான் தெரிந்துகொண்டேன். வெளிநாட்டுப் பயணிகள் அமால்ஃபியோடு நின்றுவிடுவார்கள், நேப்பிள்ஸ்காரர்கள் இன்னும் கொஞ்சம் தெற்கே போவார்கள். சிலெந்தோ 1991 முதல் தேசியப் பூங்கா. 1998இல் பேஸ்டம், வேலியா என்ற இரண்டு பழைய கிரேக்க நகரங்களோடும் படூலா மடத்தோடும் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கஸ்தெல்லாபாத்தேயின் கடலும் 2009 முதல் பாதுகாக்கப்பட்ட கடல் பகுதி. கரையோரம் பெரிய பெரிய ஓட்டல்கள் எழும்பாததற்கும், தண்ணீர் இன்றும் அடிமணல் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருப்பதற்கும் இந்தக் கட்டுப்பாடுகள் ஒரு முக்கியக் காரணம்.

சரி, ஊர் எப்படி இருக்கும்? குன்றின்மேல், கடல் மட்டத்துக்குச் சுமார் 280 மீட்டர் உயரத்தில் கஸ்தெல்லாபாத்தே என்ற பழைய ஊர். 1123இல் கொஸ்தாபிலே என்ற மடாதிபதி அங்கே கோட்டை கட்டத் தொடங்கினார், ஊருக்குப் பெயர் வந்ததும் அந்த மடாதிபதியின் கோட்டையால்தான். கீழே கடலோரத்தில் சாந்தா மரியா. வடக்கே லாகோ என்ற பகுதியில் நீண்ட மணற்கரை, ஊர் நடுவில் மரீனா பிக்கொலா என்ற குட்டிக் கரை, தெற்கே பொத்ஸில்லோ என்ற இன்னொரு மணற்கரை, அதையும் தாண்டினால் சான் மார்கோ என்ற படகுத்துறை ஊர். பிள்ளைகளுக்கு லாகோ. மணல் நைசாக இருக்கும், தரை மெதுவாகத்தான் சரியும், பெரியவர்கள் நன்றாக உள்ளே நடந்து போன பிறகே தண்ணீர் இடுப்புக்கு வரும். மரீனா பிக்கொலா அம்மாவுக்கு. கரைக்குப் பக்கத்திலேயே நடைபாதை, பெஞ்சு, காபிக் கடை எல்லாம் இருப்பதால் மணலில் கால் வைக்காமலே பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இந்தக் கரையை ஒட்டிய திர்ரேனியன் கடலில் நீர்மட்ட ஏற்ற இறக்கம் மிகக் குறைவு, காற்றில்லாதபோது அலையும் குறைவு. நம் வங்கக் கரையில் அலை காலை இழுக்கும், பிள்ளையின் கையை விடவே பயமாக இருக்கும். அந்தப் பழக்கத்தில் வருகிறவர்களுக்கு இங்கே காற்றில்லாத காலை நேரத்துக் கடலைப் பார்த்தால் ஏரியோ என்று தோன்றும். ஆனால் அந்த அமைதியை நம்பி அசந்துவிடக் கூடாது. மிஸ்ட்ரல் என்ற வடமேற்குக் காற்றோ தென்மேற்குக் காற்றோ எழுந்துவிட்டால் இதே கடல் பிற்பகலுக்குள் முரட்டுத்தனம் காட்டும். கொடியைப் பாருங்கள். வெள்ளைக் கொடி என்றால் இறங்கலாம், உயிர்காப்பாளர் பணியில் இருக்கிறார் என்று பொருள். சிவப்பு என்றால் இறங்காதீர்கள். மஞ்சள் காற்றுக்கானது, குடைகளை மடக்கிவிடுவார்கள். தண்ணீரில் வெள்ளை மிதவைகளைக் கயிற்றில் கட்டியிருந்தால் நீச்சல் தெரியாதவர்கள் அதைத் தாண்டக் கூடாது என்று அர்த்தம். அதற்கு வெகு தொலைவில் தெரியும் ஆரஞ்சு நிற மிதவைகள் படகுகளுக்கான எல்லை. கடலில் அவசரம் என்றால் கடலோரக் காவல்படையின் எண் 1530, மற்ற எல்லாவற்றுக்கும் 112.

இத்தாலியில் முதன்முறை கடற்கரைக்குப் போகிறவர்களைத் திகைக்க வைப்பது லீதோ முறை. கடற்கரை அரசுக்குச் சொந்தம்தான், ஆனால் பல இடங்களில் அதைத் துண்டு துண்டாகத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரே நிறக் குடைகள் வரிசை வரிசையாக நிற்கும். அதுதான் லீதோ. ஒரு குடை, இரண்டு சாய்வு நாற்காலி என்று நாளுக்கு இவ்வளவு என வாடகை. கடலை ஒட்டிய முதல் வரிசைக்கு விலை கூடுதல், பின்னால் போகப் போகக் குறையும், ஆகஸ்டில் எல்லாமே ஏறும். காசு கொடுத்தால் கழிவறை, நல்ல தண்ணீர்க் குளியல், உடை மாற்றும் அறை, சிற்றுண்டிக் கடை, எதிரே உயிர்காப்பாளர் எல்லாம் உண்டு. குத்தகைக்கு விடாத இடம் பொதுக்கரை, ஸ்பியாஜா லிபெரா என்ற பலகை இருக்கும். அங்கே உங்கள் குடை, உங்கள் பாய், காசு கிடையாது, பெரும்பாலும் கழிவறையும் கிடையாது. லீதோவில் வாடகை கொடுக்காதவர்கள்கூடத் தண்ணீரோரமாக நடந்து போகலாம், அதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. 2006ஆம் ஆண்டின் சட்டமே கடலுக்குப் போகும் வழியைக் கட்டணமில்லாமல் விட வேண்டும் என்கிறது. தண்ணீரிலிருந்து ஐந்து மீட்டர் வரையான பட்டை நடப்பதற்கானது. அதில் யாரும், நீங்களும்தான், பாய் விரித்து அடைக்கக் கூடாது.

சிக்கனம் பார்த்துப் பொதுக்கரைக்கே போகலாமா என்று கேட்பீர்கள். உங்கள் குடும்பத்துக்கு லீதோதான் என்பேன், குறிப்பாக மூன்றாவது நான்காவது வரிசை. அம்மாவுக்குத் தரையில் உட்கார்ந்து எழ வேண்டாம், சின்னவனுக்குக் கழிவறை பக்கத்தில், வெயில் ஏறினால் நிழல் தயார். பக்கத்துக் குடைகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் வருடா வருடம் அதே குடைக்கு வரும் குடும்பங்கள். பாட்டிகள் சீட்டாடுவார்கள், தாத்தாக்கள் செய்தித்தாள் படிப்பார்கள், பிள்ளைகள் ஒரே குழியை எல்லோரும் சேர்ந்து தோண்டுவார்கள். உங்கள் பிள்ளை மொழி தெரியாமலே அரை மணி நேரத்தில் அந்தக் குழிக்குள் இருப்பான். சாப்பிட்ட பிறகு இரண்டு மூன்று மணி நேரம் எந்தத் தாயும் பிள்ளையைத் தண்ணீரில் விட மாட்டாள், அந்த நேரத்தில் உங்கள் பிள்ளையை இறக்கினால் அக்கறையோடு வந்து சொல்வார்கள். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நடுவே ஒருவர் வாளியில் தேங்காய்த் துண்டுகளைத் தண்ணீர் தெளித்துக் குளிர்ச்சியாக வைத்துக்கொண்டு, ‘கொக்கோ, கொக்கோ பெல்லோ’ என்று கூவிக்கொண்டு போவார். ஒரு சின்னத் துண்டுக்கு அவர் சொல்லும் விலையைக் கேட்டால் அம்மா வாயடைத்துப் போவார்.

முதல் நாள் காலையில் கரையோரம் பழுப்பு நிறத்தில் இலைக் குவியலைப் பார்க்க நேரலாம். இதையா சுத்தமான கடற்கரை என்றீர்கள் என்று என்னிடம் சிலர் கோபப்பட்டிருக்கிறார்கள். அது குப்பை அல்ல. பொசிடோனியா என்ற கடற்புல்லின் உதிர்ந்த இலைகள். பாசி வகை என்று பலர் நினைப்பார்கள், ஆனால் அது வேர், தண்டு, பூ, காய் எல்லாம் உள்ள முழுத் தாவரம், இங்கே வளரும் வகை மத்தியதரைக் கடலைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. இந்தக் கடலில் அதன் படுகைகள் பெரிய பரப்பில் இருக்கின்றன. அலையின் வேகத்தைக் குறைப்பதும் தண்ணீரைத் தெளிய வைப்பதும் மீன் குஞ்சுகளுக்கு ஒளிவிடம் தருவதும் அதுதான். கரையில் ஒதுங்கும் இலைக் குவியல்கூடக் குளிர்காலப் புயலில் மணல் அரித்துப் போகாமல் காக்கிறது. இலைகளுக்கு நடுவே ரோமத்தால் உருட்டியது போன்ற பழுப்பு உருண்டைகள் கிடக்கும், கையில் எடுத்தால் கனமே இருக்காது. அந்தப் புல்லின் நார்களை அலை உருட்டி உருட்டிச் செய்தவை. எங்கள் நண்பர் வீட்டுப் பிள்ளைகள் காலை முழுக்க அவற்றைப் பொறுக்கி, அளவு வாரியாக வரிசை வைத்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும், விளையாடட்டும், ஆனால் மணலையும் கூழாங்கல்லையும் பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவர வேண்டாம். இத்தாலியச் சட்டப்படி அது குற்றம். இத்தாலியின் சார்தீனியா தீவில் மணல் எடுத்த பயணிகளுக்கு விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் அபராதம் விதித்திருக்கிறார்கள்.

பயப்படத் தேவையில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம்: மணலுக்குள் உடலைப் புதைத்து முதுகு முள்ளை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன மீன் உண்டு. அங்கே த்ராசினா என்பார்கள். ஆழமில்லாத தண்ணீரில் வெறுங்காலால் மிதித்தால் தேள் கொட்டியதுபோல் வலிக்கும். அதன் விஷம் சூட்டில் செயலிழந்துவிடும், எனவே ஐஸ் வைக்காதீர்கள். பொறுக்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில், தோல் வெந்துவிடாதபடி பார்த்து, காலை அரை மணி நேரமாவது வைத்திருங்கள். லீதோக்காரர்களிடம் சொன்னால் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். இது அடிக்கடி நடப்பதில்லை. இருந்தாலும் பிள்ளைகளுக்குத் தண்ணீரில் போடும் ரப்பர் செருப்பை வாங்கிக் கொடுத்துவிட்டால் இந்தக் கவலையும், பாறைப் பக்கம் போனால் கடல்முள்ளெலி குத்தும் கவலையும் தீர்ந்தது.

இப்போது நீங்கள் விரும்பாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகஸ்ட் நடுவில் போகாதீர்கள். ஆகஸ்ட் 15 ஃபெர்ராகொஸ்தோ, அகஸ்டஸ் பேரரசர் காலத்திலிருந்து வரும் விடுமுறை, மாதா விண்ணேற்புத் திருநாளும் அன்றுதான். அதையொட்டிய இரண்டு வாரம் இத்தாலியே கடற்கரையில் இருக்கும். நான் சொன்ன லாகோ கரையிலும் அப்போது குடைக்குக் குடை இடைவெளி இருக்காது, விலை உச்சத்தில் இருக்கும், வாடகை வீடுகளைச் சனி முதல் சனி வரை முழு வாரமாகத்தான் தருவார்கள், உங்கள் ஐந்து நாள் கணக்கு அங்கே எடுபடாது. இந்தப் பகுதியில் பள்ளிகள் செப்டம்பர் நடுவில் திறக்கின்றன. செப்டம்பர் முதல் வாரத்திலேயே கூட்டம் கண்ணெதிரே கரைந்துவிடும், கோடை முழுக்கச் சூடேறிய கடலோ இன்னும் இதமாக இருக்கும். ஜூன் பின்பாதியும் நல்லது, தண்ணீர் மட்டும் கொஞ்சம் சில்லென்று இருக்கும். விமான டிக்கெட்டை மாற்ற முடியுமானால் மாற்றுங்கள். முடியாது, ஆகஸ்ட்தான் என்றால் காலை எட்டு மணிக்குக் கரைக்குப் போய்ப் பதினொன்றுக்குத் திரும்பிவிடுங்கள், மறுபடி ஐந்து மணிக்கு மேல் போங்கள். இத்தாலியர்கள் கடற்கரைக்குத் தாமதமாகத்தான் வருவார்கள், காலை நேரம் உங்களுடையது. மேற்கு பார்த்த கரை என்பதால் சூரியன் கடலில்தான் விழும், மாலை நீண்டுகொண்டே போகும்.

நடுப்பகலில் கடைகளும் மூடிவிடும். மதியம் ஒரு மணி வாக்கில் கதவை இழுத்தால் நாலரை ஐந்துக்குத்தான் திறப்பார்கள். பால், தண்ணீர், பழம் எல்லாம் காலையிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு முன்னால் பல இடங்களில் கிடைக்காது. சின்னப் பிள்ளைகளை அதுவரை எப்படித் தாக்காட்டுவது என்று கவலைப்படாதீர்கள், மாலையில் ரொட்டிக் கடையில் சதுரமாக வெட்டித் தரும் பீட்சாவோ ஜெலாட்டோவோ போதும். அப்புறம் ஊரே தெருவில் உலாவும். பத்து மணிக்கும் தள்ளுவண்டியில் குழந்தைகள் முழித்துக்கொண்டிருப்பார்கள், உணவகங்களில் யாரும் பிள்ளைச் சத்தத்துக்கு முகம் சுளிப்பதில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் சிலெந்தோ நமக்குத் தோதான இடம். மத்தியதரைக்கடல் உணவு முறை என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்களே, அதை ஆராய்ந்து பரப்பிய அமெரிக்க விஞ்ஞானி ஆன்செல் கீஸ் பல ஆண்டுகள் வாழ்ந்தது இதே கரையில், தெற்கே உள்ள பியோப்பி என்ற ஊரில். நூறு வயது வரை இருந்தார். 2010இல் யுனெஸ்கோ அந்த உணவு முறையை அங்கீகரித்தபோது இத்தாலியின் சார்பில் அடையாளம் காட்டிய பகுதியும் சிலெந்தோதான். கொண்டைக்கடலையோடு அகலப் பாஸ்தா சேர்த்த லகானே எ சேச்சி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, குடைமிளகாய் எல்லாம் போட்டு வதக்கிய சம்போத்தா, காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தக்காளியும் எண்ணெயும் விட்ட அக்வாசாலே, இவை எல்லாம் இந்த ஊர் ஏழைக் குடும்பங்களின் பழைய சாப்பாடு, சைவம். அம்மா கண்டிப்பான சைவம் என்றால் ஒன்று கவனிக்க வேண்டும். இப்பகுதியின் புகழ்பெற்ற எருமைப்பால் மொத்ஸரெல்லாவும், வடக்கிலிருந்து வரும் பார்மிஜானோ சீஸும் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைநொதியால் உறைய வைப்பவை. பாஸ்தாவைச் சீஸ் இல்லாமல் கேட்டால் தருவார்கள், ‘சென்த்சா ஃபொர்மாஜ்ஜோ’ என்றால் போதும். அசைவம் சாப்பிடுபவர்கள் நெத்திலியை விடாதீர்கள், சிலெந்தோ மீனவர்கள் கொண்டாடும் மீன் அது.

கடலில் இறங்காத ஒரு காலைக்குப் பேஸ்டம் போய் வாருங்கள். கிரேக்கர்கள் கி.மு. 600 வாக்கில் குடியேறிய நகரம், மூன்று கற்கோயில்கள் இன்றும் தூண்களோடு நிற்கின்றன. சமதரை, ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம், அம்மாவும் பார்க்கலாம். நிழல் கிடையாது என்பதால் திறந்த உடனே உள்ளே போய்விட வேண்டும். அருங்காட்சியகத்தில் 1968இல் கண்டெடுத்த ஒரு கல்லறையின் மூடியில், ஒருவன் தண்ணீருக்குள் தலைகீழாகப் பாயும் ஓவியம் இருக்கிறது. கடலில் குதித்து விளையாடிவிட்டு வந்த பிள்ளைகள் அந்த ஒரு படத்தின் முன்னால் மட்டும் கண்டிப்பாக நிற்பார்கள். இன்னொரு நாள் மாலை, சான் மார்கோவிலிருந்து புன்தா லிகோசா என்ற கடல்முனைப் பக்கம் பைன் மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடக்கலாம். முனைக்கு எதிரே உள்ள குட்டித் தீவுக்கு லெயுகோசியா என்ற கடல் தேவதையின் பெயர். பாட்டுப் பாடி மாலுமிகளை மயக்கும் சைரன்களில் ஒருத்தி, அவள் உடல் ஒதுங்கிய இடம் இது என்று கிரேக்கர்கள் நம்பினார்கள். மேலே உள்ள பழைய ஊருக்கு அம்மாவைக் காரிலோ பேருந்திலோ கூட்டிப் போங்கள். காட்சி மேடை வரை நடந்தால் போதும், அதற்குமேல் சந்துகள் எல்லாம் படிதான்.

போய்ச் சேரும் வழி எளிது. ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு அதிவேக ரயிலில் சுமார் 70 நிமிடம். நேப்பிள்ஸிலிருந்து தெற்கே போகும் ரயிலில் அக்ரோபொலி–கஸ்தெல்லாபாத்தே நிலையத்தில் இறங்க வேண்டும், சில ரயில்களுக்குச் சலேர்னோவில் மாற வேண்டியிருக்கும், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். உள்ளூர் ரயிலின் காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள், மறந்தால் அபராதம். நிலையத்திலிருந்து சாந்தா மரியா பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர். பேருந்து உண்டு, ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் குறைவு. பெட்டிகளும் அம்மாவும் பிள்ளைகளுமாக வருகிறீர்கள், தங்குமிடக்காரரிடமே டாக்சி சொல்லி வைக்கச் சொல்லுங்கள். வாடகைக் கார் எடுப்பதானால் இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். நிறுத்துமிடத்தில் நீலக் கோடு கட்டணம், வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் கோடு உங்களுக்கானது அல்ல. உடை பற்றியும் கேட்டிருந்தீர்கள்: கரையில் டி-ஷர்ட்டும் லெகிங்ஸும் போட்டுக் கடலில் இறங்கினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நீச்சல் உடையோடு கடைத்தெருவில் நடப்பதற்குத்தான் இத்தாலியின் சில ஊர்களில் அபராதம் உண்டு.

அறைக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் உரிமையாளரிடம் நான்கு கேள்வி கேளுங்கள்: வீடு எந்த மாடியில், லிஃப்ட் இருக்கிறதா, வாசலிலிருந்து மணல் வரைக்கும் எத்தனை படி, லீதோ வாடகை சேர்த்தா தனியா. ‘கடல் தெரியும்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் வீடு பெரும்பாலும் குன்றில் இருக்கும். உங்களுக்குக் கடல் தெரிய வேண்டாம், கடலுக்குச் சமதரையில் நடந்து போக முடிந்தால் போதும். சாந்தா மரியாவில் இடம் கிடைக்காவிட்டால், இதே நான்கு கேள்விகளோடு தெற்கே ஒலியாஸ்த்ரோ மரீனாவிலும், அதற்கும் கீழே அச்சியாரோலியிலும் தேடிப் பாருங்கள்.